சக்கரத்தைத் தொடாத மயிலக்கா

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி, இளநீர் லோடுக்கான பாஸை நீட்டிக்கொண்டிருந்தபோது மயிலக்காவின் மகள் செல்வியிடமிருந்து போன் வந்தது. "ஆறுச்சாமியண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், என்ன ஆச்சு என்று மலையாளத்தில், "எந்து பற்றி?" என விசாரித்தார். "சேச்சி மரிச்சு போயி" என்றேன். எனக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. அவர் பாஸில் சீலைக் குத்தி, "பொய்க்கோ, பொய்க்கோ" என்று கையை அசைத்தார்.

காலையில் பச்சைப் பானைகளை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த மயிலாத்தாள் அக்கா, நெஞ்சை அடைக்கிறது என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அறுபதைத் தொடவில்லை.

மறுநாள் ஒரு பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் அவருடைய படம் வந்தது. மேலே, 'பாரம்பரியத்தைக் காத்த பெண்மணி' என்று தலைப்பு. எங்கள் குயவர் தெருச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'நம் தெருவின் பெருமை மறைந்தது' என்று போட்டு வரிசையாகக் கைகூப்பினார்கள். மயிலக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தலைப்பைப் படித்தபோது உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள், சிலர் பல்லைக் கடித்திருப்பீர்கள். நான் பல்லைக் கடித்தேன். அவரைச் சக்கரத்தைத் தொடாதே என்று சொன்னது அந்தப் பாரம்பரியம்தான். சூளைப் பக்கம் வராதே என்று சொன்னதும் அதுதான். செத்த மறுநாளே அவரை அதற்குக் காவல்காரியாக்கிவிட்டார்கள். நானும் அதே தெருவில் பிறந்தவன், என் அப்பாவும் சக்கரம் சுற்றியவர். இப்போது குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறேன். மயிலக்காவின் பானைகளை முதல் லோடிலிருந்து கடைசி லோடு வரை ஏற்றி இறக்கியவன் என்ற உரிமையில், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அவருடைய கணவர் பழனிச்சாமி அண்ணன் நல்ல கைகாரர். மழைக்காலத்தில் பானை வேலை ஓடாது என்று தேங்காய் நார் மில்லுக்குக் கூலிக்குப் போனவர், மெஷினில் வலது கையைக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் சக்கரம் நின்றது. எங்கள் தெருவில் மண் வெட்டிச் சலிப்பது, மிதிப்பது, பானை தட்டுவது, தலையில் சுமந்து சந்தையில் விற்பது எல்லாம் பெண்கள்தான். சக்கரத்தில் உட்காருவது மட்டும் ஆண்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடும்போதுகூடப் பெண்கள் ஓர் அடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

ஒருநாள் தெருவே பார்த்திருக்க மயிலக்கா, கணவரின் அண்ணனும் சங்கத் தலைவருமான ரங்கசாமியிடம் போய் நின்றார்.

"மாமா, நாளையிலிருந்து நான் சக்கரத்துல உக்கார்றனுங்க."

"அது சாமி, அம்மிணி. பொம்பளை தொட்டா தெருவுக்கே ஆகாது."

"மண்ணு மிதிக்கறப்ப நான் பொம்பளை இல்லீங்களா? சந்தையில கூவி விக்கறப்ப?"

"அது வேற, இது வேற."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "சரீங்க. சக்கரம் உங்களுது. கை என்னுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அழுவார் என்று எதிர்பார்த்து நின்ற கூட்டம் ஏமாந்து கலைந்தது.

அடுத்த நாள் நான் அந்தப் பக்கம் போனபோது வேலையை ஆரம்பித்திருந்தார். உடைந்த பழைய பானை ஒன்றின் அடிப்பாகத்தைத் தரையில் பதித்து, அதற்குள் தட்டையாகத் தட்டிய மண்ணை அமர்த்தியிருந்தார். முறுக்குக்கு மாவு உருட்டுவதுபோல மண்ணைக் கயிறாக உருட்டி, அந்தத் தட்டின் விளிம்பில் சுற்றி வைத்தார். உள்பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பூசினார், வெளிப்பக்கம் கொட்டாங்கச்சித் துண்டால் வழித்தார். அதன் மேல் அடுத்த கயிறு. பானை தரையிலேயே இருந்தது. அக்காதான் குனிந்தபடி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"இது யாருக்கா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுக்கோணும்? அடுப்புப் போடறம், நெல்லுக்குக் குதிர் போடறம். அதெல்லாம் எந்தச் சக்கரத்துல போட்டம்? பானை சுத்த வேண்டாம் தம்பி. நான் சுத்தறேன்."

இந்த வார்த்தை பிறகு ஊர் முழுக்கப் பரவியது. அவர் ஏதோ மேடையில் சொன்ன வசனம்போல இப்போது பலரும் சொல்கிறார்கள். மூச்சு வாங்க, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது அது.

செய்துவிட்டார். சுட வேண்டுமே! சூளை தெருவுக்குப் பொது. அதில் அடுக்கவும் பெண்களுக்கு அனுமதி கிடையாது. வேறு யாராவது ஆண் அவருக்காக அடுக்கித் தரலாம் என்றால், யாரும் முன்வராதபடி பார்த்துக்கொண்டார்கள். மயிலக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினார். அடியில் வறட்டியும் காய்ந்த தென்னை மட்டையும், அதன் மேல் பானைகள், சுற்றிலும் கொட்டாங்கச்சி, மேலே வைக்கோல். நெருப்பு நன்றாகப் பிடித்துப் பானைகள் சிவந்ததும் உமியைக் கொட்டி, பச்சைத் தழை போட்டு, ஈர மண்ணால் மூடிவிட்டார். வெளியே போக வழியில்லாத புகை பானைக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பது கணக்கு.

முதல் தடவை பாதிக்கு மேல் வெடித்துவிட்டன. மூடிய மண்ணுக்குக் கீழே டப் டப்பென்று சத்தம் கேட்கக் கேட்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். "பொம்பளை மூட்டுன நெருப்பு" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. அக்கா உடைந்த ஓடுகளைக் கூடையில் அள்ளி, அவர்கள் காலடியில் கொண்டுபோய்க் கொட்டினார். "நெருப்பு ஆம்பளையா பொம்பளையான்னு பாக்காதுங்க. ஈரமிருந்தா வெடிக்கும், அவ்வளவுதான். நான் காயவெச்சது பத்தல. அடுத்த வாட்டி வந்து பாருங்க" என்றார். அடுத்த தடவை யாரும் வரவில்லை. ஒரு பானைகூட வெடிக்கவில்லை. கருகருவென்று, கூழாங்கல்லால் தேய்த்த பளபளப்போடு, ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அவர் செய்த பானைகள் எல்லாம் அழகு என்று நான் சொல்ல மாட்டேன். பலவற்றின் வாய் சற்றுக் கோணலாக இருக்கும். அதைச் சொன்னால் கோபம் வரும். வைக்கோல் குறைவாக வைத்துக் கட்டினேன் என்பதற்காக என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார், லோடு மட்டும் ஏற்றிக்கொண்டு. கோபத்தை அவர் சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை.

பழனிச்சாமி அண்ணனும் முதலில் அவர் பக்கம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் தம்பி முன்னால் தலை குனிய வைத்துவிட்டாள் என்று, குழி இருந்த பக்கமே பார்க்காமல் முன்வாசலில் உட்கார்ந்திருப்பார். அக்கா சாப்பாடு போடுவார், தண்ணீர் கொடுப்பார், ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டார். ஒருநாள் அக்காவுக்கு நல்ல காய்ச்சல். முந்தின நாள் ஊறவைத்த மண் முற்றத்தில் கிடந்தது, விட்டால் காய்ந்து இறுகிவிடும். நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனபோது, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது கையால் துணி காயப்போடும் கம்பத்தைப் பிடித்தபடி அந்த மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். அக்கா போர்வையோடு வாசற்படியில் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, வலது பக்கம் இன்னுஞ் சித்த மிதியுங்க, அங்க கட்டி இருக்குது."

"எனக்குத் தெரியும், நீ போய்ப் படு" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மண் மிதிப்பது அவர் வேலை. அவர்களுக்குள் இதைப் பற்றி வேறு பேச்சு நடந்ததாகத் தெரியவில்லை.

கருப்புப் பானை மெல்ல மெல்லப் பேர் வாங்கியது. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிப்போனவர்கள் மறுபடியும் வாங்க வந்தார்கள். அப்படித்தான் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு நடுவே இருந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. உடுமலை, மறையூர், மூணாறு என்று மலை ஏறி, ஒவ்வொரு வளைவிலும் "மெதுவாப் போ தம்பி, மெதுவாப் போ" என்ற அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். மேனேஜர் நல்ல மரியாதையோடு டீ கொடுத்தார். பானைகளை வைக்கப்போகும் அலமாரியையும் காட்டினார். அதில் ஏற்கெனவே ஒரு பலகை எழுதித் தயாராக இருந்தது: 'ஆதிவாசிகளின் கைவண்ணம்'.

"இது யாருங்க?" என்றார் அக்கா.

"ஒரு பேருக்குத்தாம்மா. இப்படிப் போட்டால்தான் வர்றவங்க எடுப்பாங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"மலையில இருக்கறவங்க பேரை நான் எதுக்குங்க திருடோணும்? என்ற பேரு என்ன ஊசிப்போச்சா? மயிலாத்தாள்னு எழுதுங்க. பக்கத்துல ஊர்ப் பேரைப் போடுங்க."

அவர் சிரித்து மழுப்பினார். அக்கா டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "ஆறுச்சாமி, ஏத்து வண்டியில" என்றார். அவ்வளவு தூரம் மலையேறி வந்த லோடு. அக்கா பானைகளை வைக்கோலில் புதைக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும் வழியில் பூப்பாறை ஜங்ஷனில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தோட்ட வேலை முடிந்து பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு பானையை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். மணிபோலச் சத்தம். ஒரு பெண் கிட்டே வந்தார்.

"ஏ யக்கா, இதென்ன இம்புட்டுக் கருப்பா இருக்கு? இதுல மீன் கொழம்பு வைக்கலாமா?"

"வெச்சுப் பாரு கண்ணு. மூணாம் நாளும் ருசி மாறாது."

"யார் செஞ்சது?"

"நான்தான். இந்தக் கைதான்."

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஏலக்காய் எடுத்துக் கறுத்த அவருடைய விரல்களும் மண்ணில் ஊறி வெடித்த அக்காவின் விரல்களும் ஒன்றுபோல இருந்ததை நான் பார்த்தேன். "ஏட்டி, வாங்கடி இங்க!" என்று அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் வண்டி காலி. மலை இறங்கும்போது அக்கா வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அவருக்குப் பாட வராது.

இந்தப் பேச்செல்லாம் தெருவுக்கு வந்து சேராமல் இருக்குமா? ஒருநாள் ஒரு புகாரோடு பஞ்சாயத்திலிருந்து சுகாதார அலுவலர் வந்துவிட்டார். எங்கள் தெரு எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் என்பதால் அவர் மலையாளி, சாதுவான மனிதர்.

"சேச்சி, பராதி வந்நிட்டுண்டு. உங்க குழியில் நின்னு புகை வருது, பக்கத்து வீட்டுக்கு சுவாசம் முட்டுது. இது நிறுத்தணும்."

"எந்தப் புகைங்க சார்? தெருவுல ரெண்டு புகை இருக்குது. பராதியில எதுன்னு எழுதியிருக்குது?"

அன்றைக்குச் சூளையும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா அவரைத் தெரு முனைக்கு அழைத்துப்போனார். விறகு விலை ஏறிய பிறகு எங்கள் ஆட்கள் பழைய டயரை வெட்டிப் போட்டு எரிக்கப் பழகியிருந்தார்கள். அந்தக் கரும்புகையில் அலுவலர் இருமி இருமிக் கண்ணீர் விட்டார். கர்ச்சீப்பால் வாயைப் பொத்தியபடி, சூளைக்கும் சேர்த்து நோட்டீஸ் கொடுக்கப்போவதாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் முகத்தில் ரத்தம் வற்றியது. புகார் எழுதிக் கொடுத்தவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

நான் மனதுக்குள், 'நல்லா வேணும்' என்று நினைத்தேன். அக்கா வேறு மாதிரி பேசினார்.

"சார், சூளையை நிறுத்தாதீங்க. அத்தனை ஊட்டுச் சோறும் அதுலதான் வேகுது. டயரை எடுக்கச் சொல்லுங்க, போதும். என்ற குழியில நான் டயர் போடறதில்ல, வேணும்னா தோண்டிப் பாருங்க."

அலுவலர் குழியைப் பார்த்தார், சாம்பலைக் கிளறினார். டயர் துண்டு இனிமேல் கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டேன் என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டுப் போனார். அவர் ஸ்கூட்டர் மறைந்ததும் ரங்கசாமி அண்ணன், "பெரிய மனசு அம்மிணி உனக்கு" என்றார்.

"பெரிய மனசெல்லாம் இல்லீங்க மாமா. எனக்கு ஒண்ணு வேணும். சூளையில பொம்பளைங்களும் அடுக்கலாம்னு, இதே எடத்துல நின்னு, அல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

"நீதான் குழி வெச்சிருக்கறயே? உனக்குச் சூளை எதுக்கு?"

"நான் அடுக்க வரமாட்டனுங்க. ஆனா வரலாம்னு நீங்க சொல்லோணும்."

ரங்கசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, சாவு. இருவரும் பேசிக்கொள்வார்கள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தை மாதமும் சூளைக்குப் பூஜை போடும்போது மட்டும் அக்கா கூட்டத்தின் முன்னால் வந்து நின்று, "மாமா, சொல்லலீங்களா?" என்று கேட்பார். அவர் சொல்லவில்லை. கேட்பதை இவரும் நிறுத்தவில்லை.

ஆனால் தெருப் பெண்கள் சிலர் வர ஆரம்பித்தார்கள். கொல்லைப்புறமாக, யாருக்கும் தெரியாமல், முந்தானைக்குள் ஒரு சின்னச் சட்டியை மறைத்துக்கொண்டு வருவார்கள். அக்கா திருப்பி அனுப்பினார். "திருட்டுத்தனமா வராதீங்க. முன்வாசல் வழியா, தலையில வெச்சுட்டு வாங்க. அப்பத்தான் குழியில எடம்." ஒருத்தி வந்தாள். பிறகு அவள் நாத்தனார் வந்தாள்.

இனி அவருடைய சாவு வீட்டைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் யார் இறந்தாலும் நீர்க்குடம் தெருவின் சூளையிலிருந்து வரும். ரங்கசாமி அண்ணன் தாமே ஒரு சிவப்புப் பானையைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவுக்கு ஒரே மகள் செல்வி. அவள் உள்ளே போய், அம்மா செய்த கருப்புப் பானையோடு வெளியே வந்தாள்.

"பெரியப்பா, அது வேண்டாங்க. அம்மா பானை இருக்குது."

"சாவுக்குக் கருப்பு ஆகாது சாமி. வழக்கமில்ல. என்ற பையன் குளிச்சுட்டு வந்துட்டான், அவன் குடம் எடுத்துக்குவான்."

"நானே எடுக்கறனுங்க."

பறை அடித்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். அப்போது தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பழனிச்சாமி அண்ணன் எழுந்தார். வாழ்நாளில் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர்.

"அண்ணா, அவ பானைதான் போகும். என்ற புள்ளதான் எடுக்கும். ஆகாதுன்னா நீங்க ஊட்டுக்குப் போயிருங்க."

ரங்கசாமி அண்ணன் போகவில்லை. சிவப்புப் பானையை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றார்.

மயானத்துக்குச் செல்வியோடு தெருப் பெண்களும் வந்தார்கள். தடுக்க யாருக்கும் தெம்பில்லை. தோளில் குடத்தோடு அவள் உடலைச் சுற்றி வந்தபோது, ஓட்டை போட வேண்டியவர் அரிவாள் முனையால் தட்டினார். சத்தம்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஓங்கிக் கொத்திய பிறகுதான் ஒரு நூலளவு ஒழுகியது. சுற்றி முடித்துச் செல்வி பானையைப் பின்பக்கமாகப் போட்டாள். அது விழுந்தது, உருண்டது, ஒரு புல் திட்டில் போய் நின்றது. உடையவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழனிச்சாமி அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து உடம்பு குலுங்கியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. செல்வி திரும்பினாள். பானையை எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லி, பாறையில் ஓங்கி அடித்தாள். நான் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஓட்டின் உடைந்த விளிம்பு முழுக்கக் கருப்பு. புகை அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவின் படத்தைப் பெரிதாக்கிச் சங்கக் கட்டடத்தில் மாட்டப்போகிறார்களாம். பொள்ளாச்சியிலிருந்து படத்தை என் வண்டியில் கொண்டுவர வேண்டும், கீழே எழுத நாலு வரியும் நானே எழுதித் தர வேண்டும் என்றார்கள். நான் முடியாது என்றேன். அவர் கேட்ட ஒன்றை முதலில் கொடுங்கள், அப்புறம் ஆணி அடியுங்கள் என்றேன். அதுவரை சூளையிலிருந்து ஒரு சட்டிகூட என் வண்டியில் ஏறாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி, "பொளப்புக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டாள். செல்வியின் குழியில் இப்போது தெருவின் பாதிப் பெண்கள் அடுக்குகிறார்கள். அந்த லோடு இருக்கிறது. பற்றாவிட்டால் இளநீர் இருக்கிறது.

மயிலக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். ரங்கசாமி அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வருகிற தையில் சூளைக்குப் பூஜை போடும்போது கூட்டத்தின் முன்வரிசையைப் பாருங்கள். செல்வி நிற்பாள், நான் நிற்பேன், தலையில் பானையோடு அத்தனை பெண்களும் நிற்பார்கள். கேட்கத்தான் போகிறோம். சொல்லுங்கள்.